அக்காவைப் பற்றி நான் நீக்கிய கட்டுரை

தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவரே, இணையக் கலைக்களஞ்சியத்தில் வரிக்கு வரி சண்டை போட்டுவிட்டு இன்று ஒரே அறையில் அழுதுகொண்டிருக்கும் நண்பர்களே!

நம் மேற்கோள் அக்கா போய்விட்டார். "மேற்கோள் எங்கே?" என்று, எழுதியதற்கு ஆதாரம் கேட்டே பேச்சைத் தொடங்குவார் என்று நாம் கேலியாக வைத்த பெயர் அது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. ஒரு நோயாளி உள்ளே போய் அடுத்தவர் வருவதற்குள் கைப்பேசியில் நம் உதவிப் பக்கத்தைத் திறந்துவிடுவார். புதிதாக எழுத வந்தவர் கேட்டதையே கேட்டாலும் பதில் சொல்வார். "பல்லைப் பிடுங்குறதைவிட இது ஈஸி" என்பார். அந்தப் பொறுமை நம்மில் யாருக்கு உண்டு? எனக்கு இல்லை. ஆதாரம் இல்லையா, நீக்கு. அவ்வளவுதான் நான்.

இதோ இருக்கிறாரே, நம் ஓட்டுநர் அண்ணன். தன் அப்பாவைப் பற்றி உருகி உருகி எழுதினார். ஆதாரமாகத் தன் கல்யாணப் பத்திரிகையைப் படம்பிடித்துப் போட்டார், அதில் அப்பா பெயர் அச்சாகியிருக்கிறதாம்! நான் நீக்கினேன். மனிதர் கொதித்துப் போனார். அக்காதான் அவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"உங்க அப்பா பெரிய மனுஷர் இல்லைன்னு யாரும் சொல்லலைங்க. உறவில்லாத வெளியாள் யாராவது அவரைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்களா? அதைத்தான் கேக்கறோம்."

அன்று அடங்கியவர், இன்று பாலங்களைப் பற்றி நம் எல்லாரையும்விட நன்றாக எழுதுகிறார்.

அக்கா இறந்த மறுநாள் அவரைப் பற்றிக் கட்டுரை போட்டதும் இவர்தான். ஆதாரம்? நாம் நமக்குள் விவாதித்துக்கொள்ளும் பேச்சுப் பக்கங்கள், நாம் கூடி எடுத்த படம். எந்த நாளிதழ் எழுதியது? எந்தப் புத்தகம் எழுதியது? இத்தனை பேரை எழுத வைத்தவரைப் பற்றி வெளியாள் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லையே! அந்தக் கட்டுரையையும் நான்தான் நீக்கினேன். விட்டு வைத்திருந்தால் அக்காவே என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

"அப்போ அக்கா முக்கியமில்லையா?" என்று உதவிப் பக்கத்தில் அண்ணன் கேட்டிருக்கிறார். விதி தெரியாமலா கேட்கிறார்? தெரிந்துதான் கேட்கிறார். அந்தக் கேள்வி அப்படியே கிடக்கிறது. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆளை இழந்துவிட்டோம்.

இனி உதவிப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவைப் போல வராது. நம்பிக்கையோடும் சொல்லவில்லை, வேறு ஆள் இல்லாததால் சொல்கிறேன். முதல் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, அக்கா பெரிய மனுஷி இல்லைன்னு யாரும் சொல்லலைங்க...

மன்னியுங்கள். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.