கழுவிய குழல்கள்

டீ ஆறிப்போனாலும் அப்படியே குடித்துவிடுகிற ஆள் நான். கோபத்தில் செய்தேன் என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொண்டால் அது தப்பு. எரிச்சல் இருந்தது. அதை மறைக்கவில்லை.

உடலுறவுக்கு முன் பெண்கள் பிளாஸ்டிக் குழலால் உள்ளே செலுத்திக்கொள்ளும் ஜெல் அது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கிறதா என்று இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேருக்கு மருந்து கலந்தது, மீதிப் பேருக்கு வெறும் பசை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியக்கூடாது. பெட்டியில் எண் மட்டும் இருக்கும். மாதாமாதம் காலிக் குழல்களைக் கொடுத்துவிட்டுப் புதுப் பெட்டி வாங்கிப்போவார்கள். அந்தப் பிளாஸ்டிக் குழல்களில் நீலச் சாயம் தெளிப்பது என் வேலை. உடம்புக்குள் போய்வந்த குழலில் சாயம் பட்டைபட்டையாகப் பிடிக்கும். வெளியே பிதுக்கிக் கொட்டிய குழலில் பிடிக்காது.

முப்பத்தெட்டுப் பெண்களின் குழல்களில் பிடிக்கவே இல்லை.

எல்லாரும் நர்ஸிடம் தவறாமல் போட்டதாகவே சொன்னார்கள். அவர்களில் ஒரு தையல்காரம்மாதான் மோசம். கைக்குட்டையில் சுற்றி, மேசைமேல் வரிசையாக அடுக்கிவைப்பார்.

"ஒரு நாள்கூட விடல தம்பி. எண்ணிக்கோங்க."

எண்ணிக்கை சரியாக இருக்கும். சாயம் மட்டும் பிடிக்காது. புருஷன் லாரி ஓட்டுகிறவன், ஆணுறை என்றாலே கையை ஓங்குவானாம். அப்படிப்பட்டவனோடு வாழ்கிறவர் போடாமல் ஏன் ஏமாற்றுகிறார் என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்தது. இவர்களைப் போன்றவர்களால்தான் நல்ல மருந்து தோற்றுப்போகும். பெரிய டாக்டரிடம் சொன்னேன். "நீ சாயத்தை மட்டும் பாருப்பா" என்றார்.

கண்ணாடித் துண்டில் ஜெல்லை ஒரு சொட்டு காயவைத்தால் மருந்துள்ளது வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், வெறும் பசை தெளிவாகக் காயும். அதை நானாகவே கண்டுபிடித்தேன். ஸ்டோர் சாவி என்னிடம்தான் இருந்தது. முப்பத்தெட்டு பேரில் மருந்து போய்க்கொண்டிருந்தவர்களின் பெட்டிகளில் எண் ஸ்டிக்கரை மாற்றினேன். அவர்களுக்கு வெறும் பசை, தையல்காரம்மாவுக்கும். அந்த மருந்து, சாயம் பிடித்த குழல் தருகிறவர்களுக்கு. கொட்டிவிடுகிறவர்களுக்கு எதைக் கொடுத்தால் என்ன? யாரிடமிருந்தும் நான் எதையும் பறிக்கவில்லை.

ஏழு மாதம் கழித்துத் தையல்காரம்மாவின் ரத்தத்தில் எச்.ஐ.வி. வந்தது. நர்ஸ் சொன்னபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அவர் அழவில்லை. கணக்குத் தப்பிய மாதிரி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தாளு குடிச்சிட்டு வந்தாக்கூட பாத்ரூம் போயி போட்டுட்டுதானேம்மா வந்தேன்."

"குழல்ல சாயமே ஏறலையேக்கா" என்றாள் நர்ஸ்.

"எப்படி ஏறும்? சோப்பு போட்டுக் கழுவித்தானே குடுக்கிறேன். அங்க போட்டத அப்படியே ஒருத்தர் கையில நீட்டுவாங்களா? எனக்கு மானம் இல்லையா? இங்க வர்ற பொம்பளைங்க பாதிப் பேரு அப்படித்தான்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். "அண்ணே, கழுவக்கூடாதுன்னு தாள்ல இருக்குல்ல?"

இல்லை. பெண்களுக்குக் கொடுக்கும் அந்தத் தாளைத் தமிழில் எழுதியவன் நான். "பயன்படுத்திய குழல்களைக் கழுவாமல் திருப்பித் தரவும்" என்று முதலில் எழுதியிருந்தேன். படிக்கவே கூசியது. "கழுவாமல்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். பெண்கள் கையில் போகிற தாள், கொஞ்சம் நாகரிகமாக இருக்கட்டும் என்றுதான்.

"இருக்கு, அவங்க படிக்கல" என்றேன்.

அன்று சாயங்காலம் ஸ்டோரைத் திறந்து பார்த்தேன். அடுத்த மாதப் பெட்டிகள் ஸ்டிக்கரோடு அடுக்கியிருந்தன. ஒரு மணி நேரம் போதும், எல்லாவற்றையும் பழையபடி ஒட்டியிருக்கலாம். ஆராய்ச்சி முடிய இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. அந்த நான்கு மாதத்தில், மாற்றிய பெட்டி வாங்கியவர்களில் மேலும் ஐந்து பேருக்குத் தொற்று வந்ததாக நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம்.

நான் பெட்டிகளைத் தொடவில்லை. ஆராய்ச்சியின் நடுவில் எதையும் மாற்றக்கூடாது என்பது விதி. விதியை மீறிப் பழக்கம் எனக்கு இல்லை.