மட்கார்டுக்குள் ஒரு விரல்

டீயில் சர்க்கரை போட்டுவிட்டீர்கள், சார்ஜென்ட். நான் போட்டுக்கொள்வதில்லை. நீங்கள் கேட்டபோதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

நெவில் ஸ்ட்ரௌட் என்ற பெயர் உங்கள் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது, விபத்தை நேரில் பார்த்த சாட்சியாக. இந்த டூவூம்பா ஊரில் கார்களுக்கு அகலமான சக்கரம் மாட்டுவது என் தொழில். அகல டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும், வளைவில் வண்டி அலையாது என்று சொல்லி விற்பேன். அதில் பொய் கிடையாது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, பின்னாலிருந்து பார்த்தால் வண்டி பயில்வான் மாதிரித் தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கெல் ஹான்ரஹனும் அப்படித்தான்.

கெல் என் பழைய சிநேகிதன். பள்ளிக்கூடம் தொட்டு ஒன்றாகச் சுற்றியவர்கள். அவனுடைய நீல நிற வி-எய்ட் இன்ஜின் காரை உங்களுக்குத் தெரியும், மிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயிண்டை அவனே மாதக்கணக்காக அடித்து, தேய்த்து, திரும்ப அடித்தான். மகள் டாம்சின் கல்யாணத்துக்குள் பின்பக்கம் பத்தங்குல அகலச் சக்கரம் போட வேண்டும் என்று என்னிடம் வந்தான். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவன் கேட்டது எங்கள் கார்க்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்பில் சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தபோது. பக்கத்தில் ராஸ்கோ டல்லி நின்றிருந்தான். அவனும் என்னைப் போலச் சக்கரக் கடைக்காரன்.

"பத்து அந்த வண்டிக்குள்ள போகாது, கெல். மட்கார்டுல உரசும்," என்றான் ராஸ்கோ.

"உன் கையால போட்டா உரசும். டேப்பை நேராப் பிடிக்கத் தெரியாதவன்லாம் இங்க வந்து அளவு சொல்றான்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ராஸ்கோவும் சிரித்தான். நான் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது சொல்லவே கூசுகிறது.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். மட்கார்டின் உள்பக்கத்தில் தகரம் ஒரு விளிம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சூடாக்கி, உருளையால் அழுத்தி, உள்ளே படுக்க வைத்தால்தான் அகல டயருக்கு இடம் கிடைக்கும். வலப்பக்கம் அழகாகப் படுத்துவிட்டது. இடப்பக்கம் பாதி மடங்கும்போது கெல்லின் நீலப் பெயிண்டில் முடி போல ஒரு விரிசல் தெரிந்தது. இன்னும் அழுத்தினால் வெடித்துவிடும். நிறுத்திவிட்டேன். பெயிண்டைக் காப்பாற்றியதற்குக் கெல் எனக்கு நன்றிகூடச் சொன்னான்.

எங்களிடம் ஒரு பரீட்சை உண்டு. டிக்கியைத் திறந்து இரண்டு தடியன்களை உட்கார வைத்துக் குதிக்கச் சொல்வோம். வண்டி அமுங்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும். எல்லோரும் பார்க்க விரலை விட்டு எடுத்தால் சக்கரம் பொருந்திவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. அடுத்த ஞாயிறு ராஸ்கோவும் எங்கள் கூட்டத்து டக்கியும் டிக்கியில் ஏறி உட்கார்ந்து குதித்தார்கள். வலப்பக்கம் விரல் நுழைந்தது. இடப்பக்கம் விரலை விட்டேன். தகரம் இறங்கி என் விரலை டயரோடு வைத்து நசுக்கியது. கணுவில் தோல் உரிந்துவிட்டது.

"என்னடா, போச்சா?" என்று டிக்கியிலிருந்து ராஸ்கோ கேட்டான்.

"தாராளமாப் போச்சு. இன்னொரு விரலும் விடலாம்," என்றேன்.

கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். பாக்கெட்டுக்குள் ரத்தம் வந்துகொண்டிருந்தது. ராஸ்கோ இறங்கி வந்து எனக்குப் பீர் எடுத்துக் கொடுத்தான். இடது கையால் வாங்கிக்கொண்டேன். ஆள் ஏற்றாத வரைக்கும் ஒன்றும் ஆகாது, கெல் எப்போதும் தனியாகத்தானே ஓட்டுகிறான், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கெல் போன் செய்தான். வண்டியின் முன்பக்கம் வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

"மச்சான், சர்ச்சுலேர்ந்து பொண்ணோட தோழிங்க மூணு பேரையும் நான்தான் கூட்டிட்டுப் போறேன். பின்சீட்டுல மூணு பேர் உக்காந்தா தாங்கும்ல? ராஸ்கோ இங்கதான் இருக்கான், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அவன் காதுலயும் விழட்டும்."

பிறகு ராஸ்கோவின் குரல் கேட்டது. அதில் கிண்டலே இல்லை. "நெவ், என் பொண்ணு பிரான்வினும் அதுலதான் வர்றா. விளையாட்டெல்லாம் வேணாம். நெஜத்தைச் சொல்லுடா."

சார்ஜென்ட், ஒரு மனிதன் இதற்கு மேல் எப்படிக் கேட்பான்? பழைய சக்கரத்தை மாட்டிக்கொடுக்க எனக்குச் சாப்பாட்டு நேரம்கூடத் தேவைப்படாது. தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஸ்பீக்கரில் ராஸ்கோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"மூணு பொண்ணு என்னடா, மூணு மாடு ஏத்து," என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். ராஸ்கோ நிம்மதியாகச் சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

கல்யாணம் மலை மேல் சர்ச்சில், விருந்து கீழே பள்ளத்தாக்கில். அந்த மலைச்சாலையின் இறக்கம் உங்களுக்குத் தெரியும். கெல்லின் காருக்கு நேர் பின்னால் என் கார். பக்கத்தில் என் மனைவி நோலீன். வலப்பக்கம் திரும்பும் முதல் வளைவிலேயே கெல்லின் இடது பின்சக்கரத்தில் நீலமாகப் புகை கிளம்பியது. நேரான பாதையில் நின்றது. அடுத்த வலது வளைவில் திரும்பவும் வந்தது.

"நெவ், அது என்ன புகை?" என்றாள் நோலீன்.

"வேறென்ன, கெல் பகுமானம் காட்றான். பொண்ணுங்களைப் பாத்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறான்."

"கல்யாணத்தன்னிக்குமா? கிழட்டுக் கழுதை," என்று சிரித்தாள்.

எங்கள் ஊரில் கல்யாண வண்டி புகை விடுவது அதிசயமில்லை. டயரைச் சுழற்றிப் புகை கிளப்பினால் ஜனங்கள் கைதட்டுவார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள்கூட ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினார்கள். ஆனால் டயரைச் சுழற்றுகிறவன் வண்டி இப்படி ஒரு பக்கம் மட்டும், அதுவும் வலது வளைவில் மட்டும், புகையாது. தகரம் ரப்பரை அறுத்துக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். ராஸ்கோ விருந்து ஏற்பாட்டுக்காக முன்பே கீழே போய்விட்டான்.

ஹெட்லைட்டை அடித்து நிறுத்தச் சொல்லியிருக்கலாம். என் விரல் லைட் நெம்புகோல் மேலேயே இருந்தது. நிறுத்தினால் கெல் இறங்கிப் பார்ப்பான், மொத்த ஊர்வலமும் இறங்கிப் பார்க்கும். இன்னும் கொஞ்ச தூரம்தானே, கீழே போனதும் கெல்லைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வலது வளைவில் டயர் வெடித்தது. வண்டி சுழன்று, இடது பக்கம் கான்கிரீட் சுவரில் மோதியது. இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் பிரான்வின்.

உங்கள் ஆள் ஒருவர் வந்து என்னிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். கெல் மேலேயிருந்தே டயரைச் சுழற்றிப் புகை விட்டுக்கொண்டு வந்தான் என்று சொன்னேன். நோலீனும் அதையே சொன்னாள். அவளுக்கு நான் சொன்னதுதானே தெரியும். பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். மட்கார்டு நசுங்கிப்போனதால் விளிம்பைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. கெல் மட்டும், நான் மிதிக்கவே இல்லை, பெண்கள் இருந்தார்கள், மெதுவாகத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவன் மகள்கூட அதை நம்பவில்லை. டாம்சின் அவனைப் பார்க்கப் போவதே இல்லையாம்.

இதற்காக மட்டும் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். என்னால் தாங்க முடிந்தது என்பதுதான் வெட்கக்கேடு. கடையைத் திறந்தேன், வேலை பார்த்தேன், சாப்பிட்டேன். நேற்று ராஸ்கோ கடைக்கு வந்தான். பாதி ஆளாகிப் போயிருந்தான்.

"நெவ், உன் வேலையை நான் எல்லார் முன்னாடியும் குறை சொன்னேன். சக்கரம் சரியாத்தான் இருந்திருக்கு. அந்தப் பாவி மிதிச்சதுதான். மன்னிச்சுக்கடா," என்று கையை நீட்டினான்.

நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பரவாயில்லைடா, விடு, என்று சொன்னேன். அவனை மன்னித்து அனுப்பினேன், சார்ஜென்ட். அவன் போன பிறகு விரல் கணுவைப் பார்த்தேன். புதுத்தோல் வந்து ஆறிவிட்டிருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கெல் மிதிக்கவில்லை. டயர் உரசும் என்று விரலை விட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும். ராஸ்கோ கேட்டபோதும் தெரியும், புகை வந்தபோதும் தெரியும். பிரான்வினைக் கொன்றது நான். அவள் அப்பாவுக்கு என் வாயால் உண்மையைச் சொல்ல முடியாததால் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். மேலே, சக்கரம் பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் ஏற்றாத வண்டிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ராஸ்கோ படிக்கப்போகிற காகிதம், அதை மட்டும் சரியாக எழுதிவிடுங்கள்.