சுடுதண்ணிப் போத்தல் உடைந்த சத்தம்

ஓடுகிறோம். நகர மண்டபத்துக்குப் பக்கத்து ஸ்டேசன் படிகளில். பின்னால் பொலிஸ் விசில். என் வலது சப்பாத்து கழன்றுவிட்டது. மனைவி என் கோட்டை இழுக்கிறாள்.

"திரும்பிப் பாராதேங்கோ!"

நான் திரும்பிப் பார்க்கிறேன்.

1978 ஓகஸ்ட். சனிக்கிழமை, முற்பகல். இது சிட்னி. எங்களை யாரும் துரத்தவில்லை. ஆனாலும் ஓடுகிறோம்.

ஏனென்றால் 1977 ஓகஸ்ட். குருநாகல். இலங்கையில் சிங்களக் கும்பல்கள் தமிழர் வீடுகளை எரித்த மாதம். முதலில் கண்ணாடி உடைந்தது. முன் யன்னல். பிறகு கேற் விழுந்தது. பிறகு தம்பியின் குரல். "அண்ணா, பின்னால ஓடுங்கோ!" அவன் கதவைப் பூட்டத் திரும்பினான். நான் ஓடினேன். அவன் வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கண்ணாடி என்றால் அந்தச் சத்தம்தான்.

சிட்னி விமான நிலையத்தில் எங்களை ஏற்ற வந்தவன் சுனில். சிங்களவன். பேராதனையில் நாலு வருசம் என் விடுதி அறைத் தோழன். டூங்கபியில் தன் வீட்டுப் பின்னறையைத் தந்தான். கிரிக்கெட் விளையாடப் போனால் எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவருவான். சிவப்புச் சுடுதண்ணிப் போத்தலில், உள்ளே கண்ணாடிக் குடுவை வைத்த பிளாஸ்க்கில்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் கைகளில் இலங்கைத் தமிழருக்குச் 'சம உரிமை' கேட்கும் அட்டைகள். வீதிக்கு எதிர்ப்பக்கம் சிங்களவர்கள். ஊர்ப் பிரச்சினை எப்போது தொடங்கியது என்பதிலேயே சண்டை. எங்கள் அட்டையில் 1956, தனிச் சிங்களச் சட்டம். அவர்கள் அட்டையில் தமிழருக்குச் சலுகை கொடுத்த வெள்ளைக்காரன் காலம். நடுவில் ஒரு பொலிஸ்காரர் இறைச்சி அடைத்த 'மீட் பை' தின்றுகொண்டிருந்தார்.

"குளிரில நிண்டு விறைக்காமல் வீட்டை போங்கோ!" எதிர்ப்பக்கத்திலிருந்து தமிழிலேயே ஒருவன்.

"எரிச்சுப்போட்டியளே! எந்த வீட்டை போறது?" எங்கள் பொடியன் ஒருவன்.

சுனிலும் அந்தப் பக்கம்தான் நின்றான். கத்தவில்லை.

காற்றில் என் அட்டை புரண்டது. அதை நிமிர்த்தத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்தது.

"எறியிறாங்கள்! ஓடுங்கோ!"

கத்தியது நான். பார்க்காமல் கத்தினேன்.

பொடியன்கள் ஓடவில்லை. கிட்ட நின்றவன்மேல் பாய்ந்தார்கள்.

"மச்சான், தேத்தண்ணியடா!"

அது சுனிலின் குரல். என்னைத்தான் கூப்பிட்டான். நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தேன்.

படியில் திரும்பிப் பார்த்தபோது நடைபாதையில் இருக்கிறான். வாயில் இரத்தம். பக்கத்தில் சிவப்புப் போத்தல். வெள்ளிச் சில்லுகளுக்கு நடுவே தேத்தண்ணி ஆவி விடுகிறது. குளிரில் நின்ற எங்களுக்காக வீதியைக் கடந்து வந்திருக்கிறான். கக்கத்திலிருந்து வழுக்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

இன்று 1979. சிட்னி இலங்கையருக்கு இப்போது இரண்டு கிரிக்கெட் அணிகள். இரண்டு புதுவருடக் கொண்டாட்டங்கள். அவர்கள் போத்தல் எறிந்தார்கள் என்கிறோம் நாங்கள். தேத்தண்ணி கொண்டுவந்தவனை அடித்தோம் என்கிறார்கள் அவர்கள். அவர்கள் சொல்வது சரி.

எங்கள் கூட்டத்தில் என்னைத்தான் கேட்டார்கள். "திகதி, நேரமெல்லாம் உங்களுக்குத்தானே அத்துப்படி. சொல்லுங்கோ அங்கிள்." திகதி சொன்னேன். நேரம் சொன்னேன். கத்தியது யார் என்று சொல்லவில்லை.

சுனிலையும் அவனுடைய ஆட்கள் கேட்டார்களாம், யார் கத்தியது என்று. அவன் மனைவி வெஸ்ட்மீட் ஸ்டேசனில் என் மனைவியிடம் சொன்னாள். குரல் பிடிபடவில்லை என்றானாம். நாலு வருசம் ஒரே அறையில் கேட்ட குரல்.

குருநாகலில் போனவை: ஒரு வீடு. ஒரு தம்பி. அதற்கு அவர்கள் பதில் சொல்லவேண்டும்.

சிட்னியில் போனவை: ஒரு சுடுதண்ணிப் போத்தல். ஒரு முன்பல். ஒரு சிநேகிதன்.

இதற்கு நான்.