வேரா நிறுத்திய நாடகம்

"படுங்கோ! தலையை எடுக்காதேங்கோ!"

கத்துவது நான். ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. மூன்றுவரை எண்ணலாம். வெடிக்கிறது. பதுங்குகுழிக்குள் மண் கொட்டுகிறது. வாசலில் என் கணவர் தவராசா. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. எட்டு வயது மகள் சுகந்தி என் மடியில் கிடக்கிறாள். மூச்சில்லை. கழுத்தில் நகமளவு காயம். அவளை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

ரொறன்ரோவுக்கு வந்து பல வருடங்களாக இதை யாருக்கும் சொல்லவில்லை. முதலில் சொன்னது வேராவுக்கு. டோர்செட் பார்க்கில் எங்கள் மாடியில் குடியிருந்த ரஷ்யப் பெண். நாடக நெறியாளர். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். அது போதுமாக இருந்தது.

பத்தொன்பது வயதில் உடை தைக்க அரங்குக்குள் போனவள். முப்பத்தைந்தில் சொந்த அரங்கு. இருபது வருடம் நடத்தினாள். அவளுடைய நாடு பக்கத்து நாட்டின் மேல் குண்டு போடத் தொடங்கிய வாரம், நடந்துகொண்டிருந்த நாடகத்தைப் பாதியில் நிறுத்தினாள். மேடையேறினாள். "நாங்கள் சனத்தைக் கொல்லுறம்" என்றாள். பொலிஸ் மேடைக்கே வந்தது. பொல்லால் அடித்தார்கள். முழங்கை உடைந்த சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டதாம். ஏழு மாதம் சிறை. தடுக்கப் போன நடிகன் மீஷாவையும் பிடித்தார்கள். சிறையிலிருந்து நேரே போர்முனைக்கு அனுப்பினார்கள். பெட்டியில் வந்தான். ஆணி அடித்த பெட்டி. திறக்க விடவில்லை. வேரா எல்லை கடந்தாள்.

இங்கே அவளுக்குப் பகலில் பேக்கரி வேலை. பின்னேரம் ஸ்காபரோ மண்டபமொன்றில் எங்கள் ஆறு பேருக்கு, போரில் நாங்கள் கண்டதை வைத்தே நாடகம் பழக்கினாள். ஒருநாள் ஒலிபெருக்கியில் ஷெல் கூவியது. ஒத்திகைக்கான சத்தம். என் உடம்புக்கு அது தெரியவில்லை. "படு!" தமிழில் கத்தினேன். வேராவை இழுத்து விழுத்தி மேலே படுத்தேன். அவள் உதடு கிழிந்து இரத்தம் வந்தது. நான் எழும்பும்வரை அவள் அசையவில்லை. பிறகு போய் வயரைப் பிடுங்கினாள்.

"சத்தம் வேண்டாம். நீர் நிண்டு சொல்லும்."

நாடகம் அரங்கேறிய நாள் அப்படியே சொன்னேன். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், மகளை விட்டு ஓடியதையும் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். "உதையெல்லாம் ஏன் இப்ப கிளறுறியள்?" தான் இருந்த கதிரையைத் தூக்கி எறிந்தார். வேரா எனக்கு முன்னால் பாய்ந்தாள். கதிரை அவள் தோளில் விழுந்தது. "சொல்லும்" என்றாள். முடியும்வரை சொன்னேன்.

வேரா இழந்தது: ஓர் அரங்கு. ஒரு நாடு. மீஷா. இடது கை இனி மடங்காது.

நான் இழந்தது: தவராசா. சுகந்தி. அந்தக் குழியில் பதினொரு பேர் இருந்தோம். வெளியே வந்தது மூவர். செத்த எட்டுப் பேரில் ஏழு பேரின் பெயர் தெரியும். மற்றவர் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர். பெயர் கேட்கவில்லை.