ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றியது தொடர்பாக

என் பெயரும் என் தகப்பனார் பெயரும் என் அண்ணன் கொடுத்த புகாரிலேயே எழுதப்பட்டுள்ளன. அந்தப் புகாரில் சரியாக இருப்பவை அவை மட்டுமே. எனக்கு வயது முப்பத்தொன்பது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சந்தில், மாடி வீட்டில் குடியிருக்கிறேன். கணவர் தையல் கடையில் வேலை பார்க்கிறார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுபவளுக்குப் புத்தி சொல்ல மட்டும் தெரியும். நான் சொந்தமாக ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். ஆக்சிஜன் ஏஜென்சியில் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு, வீட்டிலேயே படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, காலியானவற்றைத் திரும்ப எடுத்துவருவது என் வேலை. என் லைனில் எல்லோரும் என்னைச் சிலிண்டர் அக்கா என்று கூப்பிடுவார்கள்.

இன்றைய மாலை லோடு இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. வண்டி இந்தக் காவல் நிலையத்து வளாகத்தில், வேப்பமரத்தடியில் நிற்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. அதை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். வண்டியை ஒரு மெக்கானிக் சோதித்துப் பார்க்க வேண்டுமாம், அந்த மெக்கானிக் புகார்தாரரான என் அண்ணனேதானாம். இதையெல்லாம் எழுத வேண்டியதில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் எழுத்தர் ஐயா சொன்னார். எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

மேற்படி அண்ணன் எனக்கு உடன்பிறந்தவர். பஸ் டிப்போவுக்கு எதிரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். லாரிக்காரர்கள் அவரை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் என் கையில் கிடைத்திருந்தால் அவரிடமிருந்தும் என்மேல் ஒரு புகார் வந்திருக்கும். இஞ்சினை இறக்கி ஏற்றுவதிலும் கிளட்ச் வேலையிலும் அண்ணன் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் விஷயத்தில் அவருக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்றுதான். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுவார். இஞ்சின் நின்றுவிட்டால், ஓட்டத்தில் கரண்ட் தயாரித்து பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது, நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு பேட்டரியில். பெட்ரோல் வண்டிகளில் டைனமோ இருந்த நாளில் அவருடைய முதலாளி இப்படிச் செய்து பார்த்தாராம், அதை இவர் இன்னும் விடவில்லை. என் வண்டியோ டீசல் வண்டி. பழைய மாடல். ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குக் கரண்டே தேவையில்லை; நிறுத்துவதற்கு ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். ஆல்டர்னேட்டரையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் அது ஓடும். இந்தச் சின்ன விஷயம் டாக்டருக்குத் தெரியாது. சொன்னாலும் ஏறாது.

மழை தொடங்கிய வாரத்தில் காலை நேரங்களில் வண்டி ஸ்டார்ட் ஆக மறுத்தது. சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும் வரும். அதன் பிறகு நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் வந்து வேறொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தார். அதன் பிறகு ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். போட்டேன். அதன் பிறகு மேற்படி மைனஸ் வயரைக் கழற்றினார். இரண்டு ஹெட்லைட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு நொடி எரிந்து அணைந்துபோயின. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தியா, ஓடுதா? ஆல்டர்னேட்டர் கல்லு மாதிரி இருக்கு. பேட்டரிய மாத்து" என்றார். விளக்கு ஏன் போயிற்று என்று கேட்டேன். பல்பு பழசு என்றார். இரண்டு பல்பும் ஒரே நொடியில் பழசாகிவிட்டன போலிருக்கிறது என்று நான் நினைத்தேன், ஆனால் சொல்லவில்லை. அண்ணன் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

அதன் பிறகு புதிய பேட்டரி போட்டேன். மறுநாளிலிருந்து டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன். பழைய வண்டி என்றால் நாலு விளக்கு எரியத்தான் செய்யும், ஒவ்வொன்றுக்கும் போன் பண்ணாதே என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஒரு நாள், மேட்டுத் தெருவில் ஒரு வீட்டில் சிலிண்டர் இறக்குவதற்காக வண்டியை நிறுத்தினேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டக் என்ற சத்தம்கூட இல்லை. ஏற்றமான தெரு, முழு லோடு, தள்ளவும் முடியாது. அடுத்துப் போக வேண்டிய வீடு தெருக்கோடியில் திரும்பி இன்னொரு தெருவில் இருந்தது. அங்கே நுரையீரல் கெட்டுப்போன ஓர் அம்மாள் படுத்திருக்கிறார். அவர் மகள் காலையிலேயே போன் செய்து, சிலிண்டரில் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது என்று சொல்லியிருந்தாள். நான் ஒரு சிலிண்டரை இறக்கி, சாய்த்து, அதன் அடிவிளிம்பிலேயே உருட்டிக்கொண்டு போனேன். மழைத் தண்ணீரில் கை வழுக்கி ஒருமுறை என் கால் கட்டைவிரல்மேல் விழுந்தது. அந்த நகம் இப்போதும் கருப்பாக இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். நான் போனபோது அந்த மகள் வாசல் கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறந்தபடி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாள் என்று தெரியவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உள்ளே அந்த அம்மாளின் உதடு நீலமாக இருந்தது. நான் மாட்டித் திறந்த பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அன்று மாலை ஏஜென்சிக்காரர் என்னைக் கூப்பிட்டு, "இது காய்கறி லோடு இல்லம்மா. இன்னொரு தடவ வண்டி நின்னுச்சுன்னா லைன வேற வண்டிக்குக் குடுத்துடுவேன், வருத்தப்படாத" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அதன் பிறகு அண்ணன் வந்து அதே சோதனையை மறுபடியும் செய்தார். இஞ்சின் ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? புதிய பேட்டரியும் சொத்தை, கடைக்காரன் உன் தலையில் கட்டிவிட்டான் என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார். சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறதே என்று காட்டினேன். அவர் டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு அந்த பல்பைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, "இனிமே உன் கண்ண உறுத்தாது" என்று சொல்லிச் சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த பல்பு இப்போதும் என் பர்ஸில் இருக்கிறது. சாட்சிப் பொருளாக அதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், சாவியைத் தர முடியாது.

அதன் பிறகு நான் சண்டை போடும் எண்ணத்துடன்தான் பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சத்தமே போடாமல் பேட்டரியை வாங்கி, ஒரு நாள் சார்ஜ் போட்டு, சோதித்துவிட்டு, "பேட்டரி பாவம்க்கா. நல்லாத்தான் இருக்கு. இதுக்கு உங்க வண்டியில யாரும் சோறு போடல" என்றார். அவரே ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். அந்த எலக்ட்ரீஷியன் என் முன்னால் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். இஞ்சின் நின்றிருக்கும்போது பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. ஓடும்போது பதினாலுக்குப் போக வேண்டும் என்றார். ஓட விட்டார். மீட்டர் ஏறவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், அது சரியாக இருந்தது. அதன் பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, இஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைக் காட்டினார். அந்தச் செம்புப் பின்னல் பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் கோளாறு அது மட்டும்தான். அதை மாற்றியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும் என்றார். "ஆனா இப்ப ஆல்டர்னேட்டரும் போயிருக்கே. ஓட்டத்துல யாராச்சும் பேட்டரிய கழட்டுனீங்களா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. பேட்டரி இல்லாவிட்டால் வருகிற கரண்டைத் தாங்க ஆள் இல்லை, அது எகிறிப்போய் உள்ளே இருக்கும் ரெகுலேட்டரையும் பல்பையும் எரித்துவிடும் என்று சொன்னார். பிடுங்கிய சிவப்பு பல்பைக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த விளக்கின் வழியாகப் போகும் கரண்டில்தான் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளுமாம்.

அதன் பிறகு ஆல்டர்னேட்டருக்கு உள்வேலை பார்த்து, புது எர்த் பட்டை, புது விளக்கு எல்லாம் போட்டார். மீட்டரில் பதினாலைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அதன் பிறகு வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

இன்று பிற்பகல் ஏஜென்சி வளாகத்தில் லோடு ஏற்றி முடித்து, இஞ்சினை ஓட விட்டு, சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அண்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தங்கையே தன்னை விட்டுவிட்டு வேறொருவரிடம் போய்விட்டாள் என்று டிப்போ பக்கம் பேச்சாம், முகம் உர்ரென்று இருந்தது. "எவன்கிட்டயோ போய் ஏமாந்துட்டு வந்திருக்க. இப்பக் காட்டறேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே பானட்டைத் தூக்கினார். அண்ணே, அதில் கை வைக்காதே என்று சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டியிலிருந்து குதித்து வந்து மறுபடியும் சொன்னேன். "எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று கேட்டு மைனஸ் நட்டைத் தளர்த்தினார். அந்த நேரத்தில் எனக்கு அந்த அம்மாளின் நீல உதடுதான் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய லோடில் ஒரு சிலிண்டர் அவருக்குரியது.

என் கையில் சிலிண்டர் திறக்கும் ஸ்பானர் இருந்தது. அதை நான் தேடி எடுக்கவில்லை, வேலை நேரத்தில் அது எப்போதும் என் கையில்தான் இருக்கும். அதைக்கொண்டு அவருடைய வலது மணிக்கட்டில் அடித்தேன். ஒரே அடிதான். புகாரில் பல அடிகள் என்று உள்ளது பொய். கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதாக உள்ளதும் பொய். நான் சொன்னது, "இன்னொரு தடவ அதத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்" என்பதுதான். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எலும்பு முறியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அடித்ததை மறுக்கவில்லை. வருத்தப்படுவதாக எழுதட்டுமா என்று எழுத்தர் ஐயா கேட்டார். வேண்டாம் என்றேன்.

அதன் பிறகு காவலர்கள் வந்தார்கள். ஒருவர் என் பக்கத்தில் உட்கார, நான் வண்டியை ஓட்டிக்கொண்டு நிலையத்துக்குப் புறப்பட வேண்டியது. ஆனால் அவர்களுடைய ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. நானும் இறங்கித் தள்ளினேன். அப்போது பானட்டுக்குள் பார்த்தேன். பேட்டரி முனையில் வெள்ளையாக உப்புப் பூத்து, வயர் கையால் ஆட்டினாலே ஆடியது. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி இறுக்கினால் போதும் என்று ஜீப் ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ முதலில் ஸ்டேஷனுக்கு வா என்றார்.

இப்போது இந்த வாக்குமூலம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது, இந்த அறையின் ஜன்னல் வழியாக அந்த ஜீப் தெரிகிறது. பானட் திறந்திருக்கிறது. இஞ்சின் ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது. என் அண்ணன் கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் மாட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் பேட்டரியைக் காட்டி ஓட்டுநரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். என் சோதனை தப்பா சரியா என்று இப்போதே காட்டுகிறேன், அதன் பிறகு அவள் வண்டியையும் பார்த்துவிடலாம் என்று அவர் சொன்னது இங்கே எல்லோர் காதிலும் விழுந்தது. தயவுசெய்து அதைத் தடுங்கள் என்று ஆய்வாளர் ஐயாவிடம் சொன்னேன். "நீ உன் கதைய முடிம்மா" என்றார். நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். எழுத்தர் ஐயா எழுதினார்.

அதன் பிறகு ஓட்டுநர் மைனஸ் வயரைக் கழற்றினார். ஜீப்பின் இரண்டு ஹெட்லைட்டும் வெள்ளை வெளேரென்று எரிந்து இந்த அறைச் சுவர்வரை வெளிச்சம் அடித்து, அணைந்துபோயின. கூரைமேல் எரிந்துகொண்டிருந்த சுழல் விளக்கும் அணைந்தது. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா, ஓடுது. ஆல்டர்னேட்டர் கல்லு மாதிரி இருக்கு. பேட்டரிய மாத்திடுங்க" என்று என் அண்ணன் சொன்னார்.

அதன் பிறகு யாரும் என்னிடம் சாவியைக் கேட்கவில்லை.

இதில் உள்ளது அத்தனையும் நான் என் வாயால் சொன்னது, எனக்குத் தெரிந்து உண்மை. எழுதியதை எழுத்தர் ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரே அடி என்று எழுதிய இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டேன். என்னை எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். இப்போது என்னைப் போக விடுங்கள். மேட்டுத் தெருவுக்கு அப்பால் ஒரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

(ஒப்பம்)