பெயருக்குக் கீழே என்ன போடுவது

கீரனூரில் ஏறிய அப்பாவும் மகளும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மகள் தன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைச் செல்போனில் காட்டினாள். திருச்சி பஸ் போடும் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துவிட்டார்கள் போல.

"ஒங்க பேருக்குக் கீழ என்னப்பா போடுறது?"

"ஒண்ணும் வேணாம்மா."

"மாப்பிள்ளையோட அப்பாவுக்கு தலைமை ஆசிரியர்னு போட்டுருக்காங்க. நீங்க மட்டும் என்ன, சும்மாவா இருந்தீங்க? ரயில்லயும் ஏர்போர்ட்டுலயும் எவன் குண்டு வைக்கப் போறான்னு மோப்பம் புடிச்சே..."

"மெதுவாப் பேசு. உளவு வேலைய யாராச்சும் பத்திரிகையில போடுவாங்களா? அரசுப் பணின்னு போடு, போதும்."

அவர் தலைக்கு மேல் இருந்த பைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எந்த ஊருல இருக்கீங்கன்னு கேட்டாக்கூட 'வேலையில இருக்கேன்'னுதான் சொல்லுவீங்க. சரி, ஒங்க கூட வேலை பாக்குறவங்களாவது கல்யாணத்துக்கு வருவாங்களா?"

"வருவாங்க. ஆனா மேடைக்கு வர மாட்டாங்க, போட்டோவுக்கும் நிக்க மாட்டாங்க. ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டாங்க."

"ஒங்ககிட்டயுமா?"

"எங்கிட்டயும்தான்."

மகள் செல்போனை அணைத்து மடியில் வைத்தாள்.

"அப்ப அவங்க வந்தாங்கன்னு நமக்கு எப்படிப்பா தெரியும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பரிமாறுறவங்ககிட்ட சொல்லி வைப்போம்மா. பந்தியில யார்கூடயும் பேசாம தனியா சாப்புடுறவங்களுக்கு, கேக்காமலே இன்னொரு தடவ பாயசம் ஊத்தட்டும்."