ஏரிக்கரை வீடு, மதிப்பு நாலு லட்சம்

— வாழ்த்துகள் முதலாளி! நீங்க பெரிய பணக்காரராம். காலேஜே கடுதாசி போட்டுச் சொல்லுது.

— யாரு, கிர்ஸ்டனா? எப்படிம்மா இங்க வந்தே? மொதல்ல கதவ மூடு தாயி. மீனு மிரண்டுரும்.

— வாளி காலியாக் கெடக்கு. இனிமே மிரள என்ன இருக்கு? வீட்டுக்குப் போனேன். உங்க புதுப் பொண்டாட்டி மார்லீன்தான், உறைஞ்ச ஏரியில, ஐஸ் மேல ஒரு பெட்டிக்குள்ள உக்காந்து தூண்டில் போடறாருன்னு வழி சொன்னாங்க. இத வாசிக்கறேன், கேளுங்க. 'உங்களுக்கு இடம் அளிப்பதில் மகிழ்ச்சி. பெற்றோர் இருவரின் வசதியையும் பார்த்ததில், உங்களுக்கு உதவித்தொகை தேவையில்லை.' இருவரின்! அம்மா ஸ்கூல் பஸ் ஓட்டுறா. அப்ப வசதி யாரோடது?

— அட, இடம் கெடச்சிருச்சா! என் தங்கமே!

— கெடச்சு என்ன? வருஷத்துக்கு எண்பதாயிரம் டாலர். வர்றேனா இல்லையான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்.

— அரசாங்கத்துக்கும் எழுதிப் போட்டியாமே?

— அவங்க, என்கூட இருக்கற அம்மா சம்பளத்த மட்டும் கேட்டாங்க. ஏழாயிரம் தர்றாங்க. மிச்சத்த காலேஜ்தான் தரணும். அவங்க சொந்தக் காசு பாருங்க, அதான் வீட்ட விட்டுப் போன அப்பாவையும் தேடிப் பிடிச்சு ஃபாரம் அனுப்பிட்டாங்க. நாங்க எட்டு வருஷமாத் தேடுற ஆள, அவங்க ஒரே வாரத்துல பிடிச்சுட்டாங்க. அந்த விலாசத்த வச்சுத்தான் நானும் வந்தேன்.

— நான்தான் நிரப்பி அனுப்புனேனே தாயி! கெடு முடிய ரெண்டு நாள் முன்னாடியே அனுப்புனேன்.

— நீங்க நேரத்துக்கு ஒண்ணு செஞ்சீங்கன்னாலே அதுல ஏதோ வில்லங்கம் இருக்கும். என்ன எழுதுனீங்க?

— உள்ளதத்தான். கொஞ்சம் முன்னப்பின்ன.

— தொழில்?

— பனியில ஓடுற ஸ்னோமொபைல் வண்டிங்களுக்கு ஷோரூம்.

— இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன். கராஜ்ல எஞ்சின் இல்லாம ரெண்டு வண்டி. ஒண்ணுக்குள்ள பூனை குட்டி போட்டிருக்கு.

— மதிப்பு என்னன்னு கேட்டிருந்தான் தாயி. நல்லா ஓடுனா என்ன வருமோ அதப் போட்டேன்.

— ஆஹா. வேற சொத்து?

— ஏரிக்கரைல ஒரு வீடு. நாலு லட்சம்.

— உங்களுக்கு ஏது ஏரிக்கரைல... அப்பா. நாம இப்ப உக்காந்திருக்கற இதுவா?

— ஏரி மேலதானே இருக்கு?

— இது பலகைப் பெட்டிப்பா! அடியில சறுக்குக் கட்டை, நடுவுல ஓட்டை. மார்ச்சுல ஐஸ் உருகறதுக்குள்ள இழுத்துட்டுப் போகலன்னா அபராதம் போடுவாங்க!

— அடுப்பு இருக்கு. ரெண்டு கட்டில் இருக்கு. ஏரி தெரியற மாதிரி ஜன்னல் வச்சிருக்கேன்.

— ஜன்னல் எதுக்கு? அதான் தரையிலயே தெரியுதே.

— நல்லாப் பேசுற தாயி. உனக்குச் சிரிப்பு வரலியா?

— வருமே. காலேஜ் போக முடியாம வான்கோழி ஃபாக்டரில இறகு பிடுங்கும்போது, இறகுக்கு ஒரு தடவை சிரிச்சுக்கறேன். எங்க ஊர்ல அந்த வேலைக்கு யாரும் அப்பன் சொத்தக் கேக்கறதில்ல.

— அப்படிச் சொல்லாத. திருத்திக் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்களா?

— கேட்டுட்டேன். வரிக் கணக்கு அனுப்பணும். மொதல்ல ஏன் தப்பா எழுதுனீங்கன்னும் எழுதிக் கையெழுத்துப் போடணும். இந்தாங்க பேனா.

— என்னன்னு எழுதறது?

— உண்மைய எழுதுங்க. புதுசா இருக்கும், போகப் போகப் பழகிரும். நானே சொல்லவா? 'மார்லீன் பக்கத்துல உக்காந்திருந்தா, பவுசு காட்டிட்டேன்.'

— மார்லீன்தான் என் வரிக் கணக்கே போடறா. என் கடன் ஒவ்வொண்ணும் அவளுக்கு அத்துப்படி.

— அப்ப யாருக்கு இந்த பந்தா? காலேஜ்ல உக்காந்திருக்கற முகம் தெரியாத கிளார்க்குக்கா?

— அவங்களுக்கு எதுக்கு தாயி...

— சொல்லுங்கப்பா. என் நாலு வருஷப் படிப்பு போகுது. யாருக்காக?

— நீ படிப்பேன்னு.

— என்னது?

— ஃபாரத்த நீ வாங்கிப் படிப்பேன்னு நெனச்சேன். எட்டு வருஷத்துல உனக்கு ஒரு ஷூ வாங்கித் தரல நான். அப்பன் ஒண்ணுமத்துப் போயிரல, ஏதோ ஆளாகித்தான் இருக்கான்னு நீ ஒரு தடவையாவது நெனைக்கணும்னு... வெக்கமா இருக்கு தாயி. திட்டிரு.

— அப்பா... நீங்க எழுதுறது நேரா காலேஜுக்குத்தான் போகும். பிள்ளைங்க கண்ணுல அத காட்டவே மாட்டாங்கப்பா.